பெட்டியிடம் சொல்லி அனுப்பியது

ஜம்குவுக்கு உட்காரத் தெரியாது என்று ஆம்லிபடா முழுவதும் சொல்வார்கள். ரொட்டி தட்டும்போதுகூட ஒரு காலை மடக்கி மறுகாலைக் குத்திட்டு, எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தோதாகத்தான் இருப்பாள். மக்காச்சோளக் கதிர் உரிக்கும் நாட்களில் மற்றப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேச, இவள் கையில் கதிரோடு அந்த வட்டத்தைச் சுற்றி நடப்பாள். உரித்த முத்துகள் வழியெல்லாம் சிந்தும். கோழிகள் பின்னாலேயே வரும்.

"உக்காருடி, எனக்குத் தலை சுத்துது," என்பாள் சகுடி. அவள் ஜம்குவின் ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. "பொறந்தப்ப உன்னைத் தொட்டில்ல போட்டாங்களா, வண்டிச் சக்கரத்துல போட்டாங்களா?"

"உங்க கொழுந்தனைக் கேளுங்க அக்கா. பொண்ணு பிடிக்கிற பகோரியாச் சந்தையில என்னைப் பிடிக்க எவ்வளவு தூரம் ஓடுனாருன்னு அவருக்குத்தான் தெரியும்."

ஆம்லிபடாவில் வீடுகள் ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன் நிலத்துக்கு நடுவில், தன் மேட்டின்மேல் தனியாக இருக்கும். அடுப்புக்குக் கங்கு கேட்கப் போனாலும் ஒரு மேடு இறங்கி இன்னொரு மேடு ஏற வேண்டும். ஜம்குவுக்கு அது பிடித்திருந்தது. ஒரு காரியத்துக்கு இரண்டு காரியமாக நடந்துவிட்டு வருவாள்.

அவளை உட்கார வைத்தது ஒன்றே ஒன்று, ஆற்று மணல் ஊற்று. ஊரின் மேல்பகுதியான மேட்டு ஃபலியாவில் இரண்டு அடிபம்பு, கீழ்ப்பகுதியான கீழ் ஃபலியாவில் ஒன்று என்று அரசாங்கம் ஊருக்குப் போட்டுத் தந்திருந்தது. கீழ் ஃபலியாவின் பம்பில் ஒரு நாள் உள்ளே என்னவோ 'டக்' என்று அறுந்தது. அன்றிலிருந்து கைப்பிடி மட்டும் காற்றில் ஆடுகிற கிளை போல மேலும் கீழும் போகும், சொட்டுத் தண்ணீர் வராது. சொல்ல வேண்டியவர்களிடம் ஊர் ஆண்கள் சொன்னார்கள். பழுது பார்க்கிறவர் வந்தார், மேட்டு ஃபலியாவின் நல்ல பம்புகளுக்கு எண்ணெய் விட்டார், பனங்கள் குடித்தார், போய்விட்டார். மேட்டு ஃபலியாவில் போய்ப் பிடிக்கலாம் என்றால் அங்கே அவர்களுக்கே வரிசை. அதனால் கீழ் ஃபலியாப் பெண்கள் காய்ந்த ஆற்றில் மணலைத் தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைச் சுரைக்குடுவையால் மொண்டு வந்தார்கள். நான்கு குடுவை மொண்டால் ஊற்று வற்றிவிடும். மறுபடி ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்துபோனால் முறை போய்விடும்.

மணலுக்குள்ளிருந்து தண்ணீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஜம்குவுக்கு வேதனையானது வேறில்லை. விரல்கள் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். "கிளறாதே, கலங்கிப் போயிரும்," என்று மற்றவர்கள் திட்டுவார்கள்.

அந்த ஹோலி முடிந்ததும் அவள் கணவன் கல்சிங் கட்டட வேலைக்குக் குஜராத் கிளம்பும்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போனான்:

"இந்தத் தடவை நான் திரும்பி வரும்போது மூட்டையைக் கட்டி வெச்சிரு. உன்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். தண்ணி இல்லாத ஊர்ல எதுக்கு மணலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்? அங்க குழாயைத் திருகினா வருது."

"நான் வரல."

"பம்பு ஓடட்டும், வரச் சொல்லமாட்டேன்."

இவ்வளவு நடக்கிறவள் குஜராத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறாள் என்று வெளியாட்கள் கேட்கலாம். ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். முன்பு மூன்று பருவம் போயிருக்கிறாள். பரோடாவில், எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தின் ஓரத்தில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் அவளுடைய முதல் மகன் காய்ச்சலில் கிடந்தான். அவனைப் புதைத்த இடத்தின்மேல் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். அதன்பிறகு மேற்கே போகிற பேருந்தின் ஆரன் சத்தம் கேட்டாலே ஜம்கு வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஆக, பம்பு ஓட வேண்டும். இல்லையென்றால் பேருந்து ஏற வேண்டும். அவளுக்கு வேறு கணக்கு இல்லை.

*

அதற்கு முந்தைய ஆண்டுதான் பஞ்சாயத்து அறையின் கூரையில் டிஷ் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இரும்பு அலமாரிக்குள் டி.வி. சாயங்காலம் ஆனால் அகமதாபாத்திலிருந்து இந்த மாவட்டத்துக்கென்றே நிகழ்ச்சி வரும். ஆட்டுக்குப் பூச்சி மருந்து, பிள்ளைக்குத் தடுப்பூசி, சரிவில் மண்ணைத் தடுக்கக் கல்வரப்பு. பேசுவதும் பாதிக்குப் பாதி பீல் ஜனங்களான நம் பீலிப் பேச்சாகவே இருக்கும். கருமுகக் குரங்குகள் வந்து டிஷ்ஷில் சாய்ந்து உட்கார்ந்தால் படம் போய்விடும். யாராவது வெளியே ஓடிக் கல்லெறிவார்கள், படம் வரும்.

ஜம்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பாள். கொஞ்சம் பார்ப்பாள், கொஞ்சம் நடப்பாள், வந்து விட்ட இடத்தைச் சகுடியிடம் கேட்பாள். அவளுக்கு நிற்க முடியாதது ஒரு காரணம் என்றால், உள்ளே முன்வரிசையில் அவள் மாமனார் இருப்பது இன்னொரு காரணம்.

மாமனார் ஜேத்ரா அந்த ஊரின் தட்வி. வழக்கு, திருமணம், கோயில் காரியம் எதுவானாலும் தட்வி இல்லாமல் நடக்காது. வெள்ளைத் தலைப்பாகை, நீளமான ஆள், குறைவான பேச்சு. கீழ் ஃபலியாவில் இளைய மகன் வீட்டிலேயே இருந்தார். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் முகத்தைக் காட்டமாட்டாள், அவர் பெயரைச் சொல்லமாட்டாள், அவரோடு நேரே பேசவும் மாட்டாள். அவரும் அவளிடம் நேரே பேசமாட்டார். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே எப்படிப் பேசாமல் இருப்பது? கையில் எது இருக்கிறதோ அதனிடம் சொல்ல வேண்டியதுதான்.

"ஏ குடமே, ரொட்டி ஆறிப்போகுதுன்னு சொல்லு," என்பாள் ஜம்கு, முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து.

"ஏ ஆடே, இப்பத்தான் கள்ளு குடிச்சேன், பொறுத்துச் சாப்பிடறேன்னு சொல்லு," என்பார் ஜேத்ரா, வாசலில் கட்டிய வெள்ளாட்டைப் பார்த்து.

அந்த வீட்டுச் செய்தி அத்தனையும் அந்த ஆட்டுக்குத் தெரியும்.

*

வெயில் ஏறிய நாட்களில் ஒரு சாயங்காலம், டி.வி.யில் வரும் ஹன்ஸா பென் அறிவித்தாள். அடுத்த வாரம் அடிபம்புகளைப் பற்றிய நிகழ்ச்சி, பம்பு இலாகாவின் இஞ்சினியர் வந்து உட்காருவார், தேவ்கட்டில் வட்டார அலுவலகத்துக்கு வந்தால் அங்கிருந்தே நேரடியாக அவரிடம் பேசலாம், மழைக்கு முன்னால் பழுது வண்டி எந்தெந்த ஊருக்குப் போவது என்று அன்றைக்கே முடிவாகும்.

ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த ஜம்கு நின்றுவிட்டாள்.

"அக்கா, கேட்டீங்களா? மழைக்கு முன்னால!"

"கேட்டேன், கேட்டேன். உன் கால் நின்னுதே, அதுலயே தெரிஞ்சுது ஏதோ பெரிய விசயம்னு."

கீழ் ஃபலியாப் பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆண்களில் பாதிப் பேர் குஜராத்தில். மிச்சமிருந்தவர்கள், "அதெல்லாம் தட்வி பார்த்துக்குவாரு," என்றார்கள். பெண்களே போவது, சகுடி பேசுவது என்று முடிவாயிற்று. சகுடி சந்தையில் துணிக்கடைக்காரனையே அழவைக்கிறவள். ஊற்றங்கரையில் அவளுக்கு ஒத்திகை நடந்தது. ஜம்கு ஒரு குடுவையைக் காதில் வைத்துக்கொண்டு இஞ்சினியராக நடப்பாள்.

"சொல்லும்மா, உன் கொறை என்ன?"

"என் கொறை ஒண்ணா ரெண்டா? மொதல்ல என் புருசன்..."

"பம்பு அக்கா, பம்பு!"

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒரு ஜீப் வந்து ஜேத்ராவை ஏற்றிக்கொண்டு போனது. படம் எங்கிருந்து வருகிறது என்று சில ஊர்த் தலைவர்களுக்குக் காட்டப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அவர் புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டார். "ஏ ஆடே, ரெண்டு மூணு நாள் ஆகும்னு சொல்லு," என்றார். ஜம்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனசு முழுக்க தேவ்கட்டில் இருந்தது.

மறுநாள் ஒரு டிராக்டர் பெட்டியில் ஏறிப் போனார்கள். எல்லாரும் உட்கார்ந்து வர, ஜம்கு மட்டும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். தேவ்கட்டில் ஒரு கூடம், கூடத்தின் கோடியில் டி.வி., அதன் பக்கத்தில் மேசைமேல் கறுப்புத் தொலைபேசிக் குழல். அதில் பொத்தானை அழுத்திப் பேசினால் அகமதாபாத்தில் கேட்கும், மாவட்டத்தில் டிஷ் இருக்கிற ஊரிலெல்லாம் கேட்கும். ஆனால் பேசுகிறவர் முகம் அங்கே தெரியாது. திரிவேதி என்ற இளவயது குமாஸ்தா அதையெல்லாம் விளக்கினார்.

"நாம அவங்களைப் பார்க்கலாம், அவங்க நம்மளைப் பார்க்க முடியாது. அதனால வெக்கப்படாம பேசுங்கம்மா."

"வெக்கமா?" என்றாள் சகுடி. "பாபு, வெக்கத்தை வித்துத்தான் இந்தக் கொலுசு வாங்கினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். படம் வந்தது. ஹன்ஸா பென் கைகூப்பினாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட இஞ்சினியர். "இன்னைக்கு நம்ம கூட ஊர்ப் பெரியவர் ஒருத்தரும் வந்திருக்காரு," என்றாள் ஹன்ஸா பென். படம் நகர்ந்தது.

புதுத் தலைப்பாகையோடு ஜேத்ரா உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் வளையல்கள் ஒரே நேரத்தில் குலுங்கின. ஆம்லிபடாப் பெண்கள் அத்தனை பேரும் முக்காட்டை இழுத்து விட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்கள்.

திரிவேதிக்குப் புரியவில்லை. "என்னம்மா? என்ன ஆச்சு?"

"எங்க மாமனாரு," என்றாள் ஒருத்தி, சுவரைப் பார்த்து, காற்றுக்கும் கேட்காத குரலில்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

உண்மைதான். ஊரில் பிறந்த பெண்கள் வேறு ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியிலிருந்து வந்த மருமகள்கள். தட்வி அவர்களில் ஒவ்வொருத்திக்கும் ஏதோ ஒரு முறையில் மாமனார்.

"அட, அவர் அகமதாபாத்ல இருக்காரும்மா! அவருக்கு உங்க முகம் தெரியாது. இப்பத்தானே சொன்னேன்?"

"முகம் தெரியாது பாபு," என்றாள் ஜம்கு. "காது இருக்குல்ல?"

திரிவேதி குழலோடு வேறு ஊர்க்காரர்கள் இருந்த பக்கம் நகர்ந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஹன்ஸா பென்னின் குரல் கேட்டது. "தட்விஜி, உங்க ஊர்ல பம்புகள் எல்லாம் எப்படி இருக்கு?"

பிறகு ஜேத்ராவின் தொண்டைச் செருமல். அந்தச் செருமல் ஜம்குவுக்கு நன்றாகத் தெரியும். மனசுக்குப் பிடிக்காத சாப்பாட்டை நல்லா இருக்கு என்று சொல்வதற்கு முன்னால் அவர் செருமுவது அது.

"இருக்கு. மூணு பம்பு. எல்லாம் ஓடுது."

"ரொம்ப சந்தோஷம். அப்ப ஆம்லிபடாவுக்கு வண்டி வேண்டியதில்லை. அடுத்து..."

ஜம்குவின் கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்கின. சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு. "அக்கா, பேசுங்க," என்றாள் சகுடியிடம். சகுடி முக்காட்டுக்குள் தலையை ஆட்டினாள். சந்தையில் யாருக்கும் பயப்படாத அந்தப் பெரிய உடம்பு, மூலையில் மடித்து வைத்த கம்பளிபோல ஒடுங்கிவிட்டிருந்தது.

"என் நாக்கு ஒட்டிக்கிச்சுடி. மாமனாரு சொன்னதைப் பொய்யின்னு நான் எப்படிச் சொல்லுவேன்? மாவட்டமே கேக்குது."

வேறோர் ஊர்ப் பெண் தன் பம்பைப் பற்றிச் சொல்லி முடித்துக் குழலைத் திரிவேதியிடம் கொடுத்தாள். ஜம்கு சுவரிலிருந்து திரும்பி வந்தாள். கதவுவரை போகவில்லை. வழியில் கையை நீட்டிக் குழலைப் பறித்துக்கொண்டாள்.

முக்காட்டை மார்புவரை இழுத்தாள். டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்றாள். பொத்தானை அழுத்தினாள். என்ன சொல்வது? அவரிடம் பேசக் கூடாது. அவர் சொன்னதைப் பற்றிப் பேசாமலும் முடியாது. கையில் குடம் இல்லை, ஆடு இல்லை.

"ஏ பெட்டி," என்றாள் ஜம்கு. "அவருகிட்டச் சொல்லு. கீழ் ஃபலியாப் பம்பு ஓடல."

"ஹலோ? யாரு பேசறது?" என்றாள் ஹன்ஸா பென். "யார்கிட்டச் சொல்லணும் தங்கச்சி?"

"ஏ பெட்டி, அந்த அம்மாகிட்டயும் சொல்லு. பேரைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. புதுத் தலைப்பாகை கட்டியிருக்காரே, அவருகிட்டன்னு சொல்லு."

நின்றபடி பேச அவளால் முடியவில்லை. நடக்க ஆரம்பித்தாள். குழலின் கம்பி நீண்டு மேசையே சாயப் பார்த்தது. திரிவேதி கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே ஓடினார்.

பெட்டிக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

"திரும்பிட்டாரு!" என்றார் திரிவேதி. "ஐயோ, கேமராவுக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டாரு!"

சகுடி முக்காட்டு ஓரத்தை விரலால் தூக்கி எட்டிப் பார்த்தாள். "ஏடி, திரும்புங்கடி. முதுகுதான் தெரியுது. இப்பப் பார்க்கலாம்."

பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். திரை நிறைய ஒரு வெள்ளைத் தலைப்பாகையின் பின்பக்கம். தலைப்பாகைத் துணியின் நுனி தோளில் தொங்கியது. பக்கத்தில் இஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் பேசுகிறாள் என்று தெரிந்ததும் மாமனார் தன் பங்குக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். மாவட்டத்தில் டிஷ் இருக்கிற ஊரெல்லாம் அந்தத் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏ சுவரே," என்றார் ஜேத்ரா, தனக்கு எதிரே இருந்த சுவரிடம். "என்ன கோளாறுன்னு கேளு."

"ஏ பெட்டி, உள்ள இருக்கிற கம்பி அறுந்துபோச்சுன்னு சொல்லு. கைப்பிடி சும்மா ஆடுது. ரெண்டு கோடையா இப்படித்தான்."

"ரெண்டு கோடையா?" தலைப்பாகை அசைந்தது. "ஏ சுவரே, கேளு. ரெண்டு கோடையா வீட்டுல பானை நிறையத் தண்ணி இருந்துச்சே. நான் குடிச்சேன், குளிச்சேன், விருந்தாளிக்குக் கொடுத்தேன். பம்பைச் சரி பண்ணிட்டாங்கன்னுல நினைச்சேன்."

ஜம்கு நின்றாள். கம்பியோடு வந்துகொண்டிருந்த திரிவேதி அவள்மேல் மோதிக்கொண்டார்.

"ஏ பெட்டி, அவருகிட்டச் சொல்லு," என்றாள். "பானை தானா நடந்து ஆத்துக்குப் போயி வராது."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஜேத்ரா மறுபடி செருமினார். இது வேறு செருமல். "சுவரே, இவங்களுக்கும் சொல்லு. மேட்டுப் பம்பு ரெண்டும் ஓடுது, அதை நான் கண்ணால பார்த்தேன். கீழ பம்பு எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியலன்னு சொல்லியிருக்கணும். ஆனா வர்ற வழியெல்லாம் இந்த இஞ்சினியர் ஐயா தன் டப்பாவுல இருந்து பூரி எடுத்துக் கொடுத்தாரு. தன் தண்ணியைக் கொடுத்தாரு. ஒருத்தர் கையால சாப்பிட்டுட்டு அவரு பக்கத்துலயே உக்காந்து கொறை சொல்ல எனக்கு வாய் வரல."

"ஐயோ, நீங்க சொல்லியிருக்கலாமே," என்றார் இஞ்சினியர், தலைப்பாகையின் பின்பக்கத்தைப் பார்த்து. ஹன்ஸா பென் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "அடுத்த கேள்வி..." என்று தொடங்கினாள்.

வண்டி வருமா வராதா என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் முறை அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

*

திரும்பும் வழியில் டிராக்டர் மேடு ஏறும்போது சகுடி மெதுவாகச் சொன்னாள்: "தட்வியைச் சந்தி சிரிக்க வெச்சுட்டோம்டி."

"வெச்சுட்டோம்னு ஏன் சொல்றீங்க அக்கா? வெச்சுட்டேன்னு சொல்லுங்க."

ஊருக்குள் செய்தி அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. பஞ்சாயத்து அறையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "மருமக ஒரு வார்த்தை சொன்னா, தட்வி முதுகைக் காட்டிட்டாரு," என்று கள் குடிக்கிற இடத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களே, "பொம்பளைக்கு இது அதிகம்," என்றும் சொன்னார்கள்.

ஜம்குவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டைப் பெருக்கினாள், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். மாமனார் வந்து, 'உன் அம்மா வீட்டுக்குப் போ' என்று ஆட்டிடம் சொல்லி அனுப்பினால் போகத்தான் வேண்டும். அங்கே போனால் கல்சிங் அங்கிருந்து குஜராத்துக்கு இழுப்பான். ஒரு மூட்டையைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

ஜேத்ரா வந்தார். செருப்பைக் கழற்றினார். கட்டிலில் உட்கார்ந்தார். ஜம்கு முக்காடிட்டுக் கூழை வைத்தாள். "ஏ சட்டியே, மோர் வேணுமான்னு கேளு," என்றாள். அவர் கூழைக் குடித்தார். கை கழுவச் செம்பைச் சாய்த்தவர், பாதியில் நிறுத்தி, உள்ளே இருந்த தண்ணீரைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் ஆட்டிடம்கூடப் பேசவில்லை.

மறுநாள் விடிந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கூடவே ஒரு குடம் குறைந்தது.

ஜம்கு இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். பலாசப் புதர்களுக்குப் பின்னால் பெண்கள் எல்லாரும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன அக்கா?"

"பாரு," என்றாள் சகுடி.

ஊற்றின் பக்கத்தில் ஜேத்ரா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சுரைக்குடுவை. நான்கு குடுவை மொண்டு குடத்தில் ஊற்றினார். ஊற்று வற்றியது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. அவர் இருக்கும்வரை மருமகள் ஒருத்தியும் பக்கத்தில் போக முடியாது. அது அவருக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் எவ்வளவு கஷ்டம் என்று பார்க்க வந்த மனுஷர், ஊருக்கே தண்ணீரை அடைத்து வைத்திருந்தார்.

"யாராவது போயிச் சொல்லுங்களேன்," என்றாள் ஒருத்தி.

"யாரு சொல்றது? ஒருத்தி சொன்னது பத்தலையா?"

பெண்கள் உட்கார்ந்தார்கள். ஜம்கு புதருக்கு இந்தப் பக்கம் நடந்தாள், அந்தப் பக்கம் நடந்தாள். வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை. ஜேத்ரா மறுபடி நான்கு குடுவை மொண்டார். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வெற்றுக் குடத்தை முகத்துக்கு நேரே தூக்கி, ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஏ குடமே! அவருகிட்டச் சொல்லு! அவரு எந்திரிச்சாத்தான் நாங்க தண்ணி எடுக்க முடியும்!"

ஜேத்ரா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். புதருக்குப் பின்னால் வரிசையாக முக்காடுகள். உடனே முகத்தை எதிர்க்கரைக்குத் திருப்பிக்கொண்டார். முட்டியில் கையூன்றி எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது, ஒருமுறை தடுமாறினார்.

"ஏ ஊத்தே," என்றார், கீழே குனிந்து. "அவகிட்டச் சொல்லு. காலையிலேருந்து உக்காந்து ஒரு குடம்கூட ரொம்பல."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, எதிர்க்கரை ஏறி, முகத்தைத் திருப்பாமலே நடந்து போனார். வீட்டுப் பக்கம் போகவில்லை, தேவ்கட் பாதையில் போனார். ஜம்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். குடத்தில் கழுத்துக்குக் கீழே கலங்கலாகத் தண்ணீர் நின்றது.

"கிளறியிருக்காரு," என்றாள் சகுடி. "உன்னை மாதிரியே."

அன்றிலிருந்து ஜேத்ரா தினமும் தேவ்கட் போனார். பம்பு அலுவலக வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். டீ கொடுத்தால் வேண்டாம் என்பாராம். "உங்க கையால இன்னொரு தடவை எதுவும் சாப்பிடமாட்டேன், அப்புறம் என்னால கேக்க முடியாது," என்றாராம். சாயங்காலம் பசியோடு திரும்பி வந்து, "ஏ ஆடே, ரொட்டி இருக்கான்னு கேளு," என்பார். அந்தக் குரல் திரும்பக் கேட்ட முதல் நாள் ஜம்கு மூட்டையை அவிழ்த்தாள்.

ஆனால் வண்டிக்கு முன்னால் கல்சிங் வந்துவிட்டான். பம்புக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். அது காற்றில் ஆடியது.

"சொன்னேன்ல? கிளம்பு."

ஜம்கு முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். கட்டிலிலிருந்து ஜேத்ரா பேசினார். மகனிடம் பேச அவருக்கு ஆடு தேவையில்லை.

"அவ வரமாட்டா. நீ போ."

"தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க அப்பா?"

"வண்டி வரும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் ஊத்தங்கரையில உக்காருவேன். ஊர் மருமகளுக எல்லாம் புதருக்குப் பின்னாலேருந்து என்னைத் திட்டட்டும். நீ போடா."

கல்சிங் மனைவியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். தான் இல்லாத நேரத்தில் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. என்ன என்று புரியவில்லை. தனியாகத்தான் பேருந்து ஏறினான். அன்று ஆரன் சத்தம் கேட்டபோது ஜம்கு வீட்டுக்குள் போகவில்லை, முற்றத்திலேயே நின்றாள்.

முதல் மழைமேகம் கட்டிய வாரத்தில், மூன்று ஆட்களும் நீளக் குழாய்களுமாக வண்டி மேடு குலுங்க வந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்கள். அறுந்த துண்டு அடியில் கிடந்தது. புதுக் கம்பி இறக்கி, தோல் வளையம் மாற்றி, மேலே பூட்டினார்கள். அடித்துப் பார்த்தபோது முதலில் காற்று இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது.

ஜம்கு கைப்பிடியைப் பிடித்தவள் விடவில்லை. அவளுடைய குடம், சகுடியின் குடம், அடுத்தவளின் குடம் என்று அடித்துக்கொண்டே இருந்தாள். காத்திருக்க வேண்டியது ஒன்றுமில்லாத தண்ணீர். கைப்பிடி மேலும் கீழும் போகிற வேகத்தில் இரும்பு கிணுகிணுத்தது.

மேட்டின்மேல், பம்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஜேத்ரா கட்டிலில் படுத்திருந்தார். சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஆட்டின் பக்கம் திரும்பினார்.

"ஏ ஆடே, போயிச் சொல்லு அவகிட்ட. மெதுவா அடிக்கச் சொல்லு. கம்பி மறுபடி அறுந்துட்டா, அந்தப் பெட்டிக்கு முன்னால இன்னொரு தடவை என்னால போயி உக்கார முடியாது."